அமெரிக்கப் பொறியியல் படிப்பும் அடைக்கத்தகு கடனும்

சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம். வகுப்புகள் முடிந்து துறை அறையில் அமர்ந்திருந்தேன். நம் முன்னாள் மாணவர் ஒருவரின் தந்தையார் வந்தார். மேற்குத் தாம்பரத்தில் சிறு கடை நடத்துபவர். மகன் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா செல்ல விரும்புகிறான் என்றார். கையில் ஒரு நீண்ட பட்டியல். அதில் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களின் பெயர்கள். "ஐயா, இவற்றுள் விலை குறைந்தது எது? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று சிலர் எண்ணலாம். ஆனால், அவர் கேட்டது பொறியியலைப் பற்றி அன்று; வீட்டைப் பற்றி. வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்பதே அவர் நெஞ்சில் இருந்த உண்மைக் கேள்வி. அன்று அவருக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் மாணவச் செல்வங்களுக்காகவும் பெற்றோர் பெருமக்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து ஒன்றே. அமெரிக்காவில் வேலை கிடைத்தால்தான் அடைக்க முடியும் என்னும் கடன் நமக்கு ஏற்ற கடன் அன்று. படித்துவிட்டுத் தாம்பரத்துக்கே திரும்பி வந்தாலும் உள்ளூர்ச் சம்பளத்தில் அடைக்கக்கூடிய கடன் எதுவோ, அந்த அளவுக்குள் அடங்கும் பல்கலைக்கழகமே நம் கைக்கு எட்டும் பல்கலைக்கழகம். பாய்மரக் கப்பல்களில் வாணிபம் செய்த நம் மரைக்காயர் முன்னோர் போகும் பருவக்காற்றை மட்டும் நம்பிக் கப்பல் ஏறியவர் அல்லர். திரும்பும் காற்று எப்போது வீசும் என்பதையும் எண்ணியே ஏறினர். அந்தக் கணக்கு இன்றைய விமானப் பயணத்துக்கும் வேண்டும்.

குரோம்பேட்டையில் ஒரு பாடம்

இதற்கான சான்றைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. 1949-இல் குரோம்பேட்டையில் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரியை எம்.ஐ.டி. என்றே இவ்வட்டாரம் அழைக்கிறது. 1950-களில் இராமேசுவரத்து இளைஞர் ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவர் தந்தையாரிடம் அவ்வளவு பணம் இல்லை. தமக்கையார் சோகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அந்த வளையல்களைத் தம் சொந்த உழைப்பின் பணத்தால் மீட்பதென்று அந்த இளைஞர் உறுதி பூண்டார். அதற்குக் கல்வி உதவித்தொகை பெறுவதே வழியென்று கண்டு ஊன்றிப் படித்தார். அவர்தாம் பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். 1963-இல் அவர் அமெரிக்க விண்வெளி மையங்களுக்குச் சென்றது கடன் வாங்கி அன்று. பணியின் பொருட்டுப் பயிற்சிக்காக அனுப்பப்பெற்றார்.

இந்நிகழ்ச்சியைத் தியாகத்தின் கதையாகவே நாம் மேடைகளில் சொல்கிறோம். அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. அடகு போனது வளையலும் சங்கிலியும், வீடு அன்று. கடன் மீட்கத்தக்க அளவில் இருந்தது. மீட்க வேண்டியவர் அதனை முதல் நாளே அறிந்திருந்தார்.

எது மலிவு?

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவ்வாண்டு சீனத்தையும் விஞ்சி இந்தியா முதலிடம் பெற்றது. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை பெருஞ்சாலையில் செல்வோர் கண்ணில் படும் வெளிநாட்டுக் கல்வி விளம்பரப் பலகைகள் இதற்குச் சாட்சி. அப்பலகைகளில் கட்டணம் எழுதப்பட்டிருக்கலாம். மொத்தச் செலவு எழுதப்பட்டிருப்பதில்லை.

கல்விக் கட்டணம் ஒரு பகுதியே. தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்பீடு, நூல்கள், விமானப் பயணம் யாவும் சேர்ந்ததே விலை. பாஸ்டன், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ போன்ற பெருநகரங்களில் வீட்டு வாடகையே ஒரு கல்லூரிக் கட்டணம் போல நிற்கும். நடுநிலத்து மாநிலங்களின் சிறுநகர்களில் அச்செலவு பெரிதும் குறையும். முதுகலைப் பட்டத்துக்குப் பொதுவாக 30 பாட அலகுகள் தேவை. ஓர் அலகுக்கு எவ்வளவு, வெளிநாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம் உண்டா, பொறியியல் துறைக்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்று மூன்றையும் கேட்ட பின்னரே ஒரு பல்கலைக்கழகம் மலிவா அன்றா என்று சொல்ல முடியும்.

மாநிலப் பல்கலைக்கழகங்களை முதலில் பார்ப்பது நன்று. 1862-இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட மாரில் சட்டம், வேளாண்மையும் இயந்திரக் கலைகளும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் வழங்கியது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். பர்டியூ, டெக்சாஸ் ஏ அண்டு எம், அயோவா மாநிலப் பல்கலைக்கழகம், கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் முதலியவை அந்த வழியில் வந்தவை. பொறியியலில் பெயர் பெற்றவை. ஆயினும், அம்மாநில மக்களுக்கான குறைந்த கட்டணம் வெளியாருக்குக் கிடையாது என்பதை மறக்கலாகாது. இதற்கும் சில விலக்குகள் உண்டு. டெக்சாஸ் சட்டப்படி, அங்குள்ள பொதுப் பல்கலைக்கழகத்தில் குறைந்தது 1,000 டாலர் மதிப்புள்ள போட்டி உதவித்தொகை பெறும் வெளியாருக்கு உள்மாநிலக் கட்டணமே பொருந்தக்கூடும். ஆயிரம் டாலரின் மதிப்பு ஆயிரம் டாலர் மட்டும் அன்று என்பதை இதனால் உணரலாம்.

ஆராய்ச்சி உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் பணிகள் கிடைத்தால் பெரும்பாலும் கல்விக் கட்டணம் நீங்கி மாத ஊதியமும் வரும். முனைவர் பட்ட மாணவர் பலருக்கு இது கிடைக்கிறது; முதுகலை மாணவருக்கு அரிதாகவே கிடைக்கிறது. ஆகவே, ஆராய்ச்சியில் நாட்டமுடைய மாணவர் நேரே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதை எண்ணிப் பார்க்கலாம். நிதியுதவியுடன் இடம் தரும் பல்கலைக்கழகங்கள் பல, மாணவர் ஏப்ரல் 15 வரை விடை சொல்லக் காத்திருக்கும் பொது உடன்பாட்டை ஏற்றுள்ளன. எனவே, முதலில் வந்த கடிதத்துக்கே அவசரப்பட்டு இசைவு தர வேண்டுவதில்லை. ஊரை விட்டுப் போகாமலே படிக்கவும் வழி உண்டு. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 2014-இல் தொடங்கிய இணையவழிக் கணினி அறிவியல் முதுகலைப் படிப்பின் மொத்தக் கட்டணம் ஏறத்தாழ 7,000 டாலராகவே இருந்து வந்துள்ளது. வேலை பார்த்துக்கொண்டே அதனைப் படிக்கலாம்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து பெருநகரத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு 1,00,000 டாலரும், சிறுநகர மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு 40,000 டாலரும் ஆகும் என்று கொள்வோம். டாலருக்கு 85 ரூபாய் என்றால் முதலாவது 85 லட்சம். இரண்டாவது 34 லட்சம். முழுவதும் கடனாயின், ஆண்டு வட்டி 11 விழுக்காட்டில் பத்தாண்டுத் தவணை, முதலாவதற்கு மாதம் ஏறத்தாழ 1,17,000 ரூபாய். இரண்டாவதற்கு ஏறத்தாழ 47,000 ரூபாய். வீட்டுச் சேமிப்பு பத்து லட்சம் இருந்து 24 லட்சம் மட்டும் கடன் வாங்கினால் மாதம் 33,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதற்கு மேல்.

இனி, சிறுசேரியிலோ சோழிங்கநல்லூரிலோ வேலை பார்க்கும் உங்கள் அண்ணன்மாரிடம் அவர்தம் மாதச் சம்பளத்தைக் கேளுங்கள். அதில் வீட்டுச் செலவு போக எவ்வளவு மிஞ்சும்? அந்த மிச்சத்துக்குள் தவணை அடங்கினால் துணிந்து போகலாம். அடங்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைப் பாருங்கள். அல்லது இரண்டாண்டு இங்கே வேலை பார்த்துச் சேமித்துப் பின்னர்ப் போங்கள்.

டாலரின் போக்கையும் நினைவிற் கொள்ளுங்கள். 1991 ஜூலைக்கு முன் ஒரு டாலர் ஏறத்தாழ 21 ரூபாய். 2025-இன் இறுதியில் அது 85 ரூபாயைத் தாண்டி நின்றது. முதலாண்டில் போட்ட கணக்கு இரண்டாமாண்டுக் கட்டணத்துக்குப் போதாமற் போவதுண்டு.

"அங்கே வேலை கிடைக்குமே!" என்பர். கிடைக்கலாம், கிடைக்க வேண்டும் என்றே நானும் வாழ்த்துகிறேன். ஆனால், படிக்கும்போது வாரம் 20 மணி நேரம், அதுவும் வளாகத்துக்குள் மட்டுமே, வேலை பார்க்க விதி இடம் தருகிறது. படிப்பு முடிந்தபின் ஓராண்டும், பொறியியல் போன்ற துறைகளுக்கு மேலும் 24 மாதமும் பணிப்பயிற்சி அனுமதி என்பது 2016-இல் வந்த ஏற்பாடு. அதற்குப் பின் வேண்டப்படும் எச்-1பி விசா ஆண்டுக்கு 65,000. அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000. விண்ணப்பிப்போர் அதனினும் மிகப் பலர். 2025 செப்டம்பரில் நாட்டுக்கு வெளியிலிருந்து கோரப்படும் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று ஓர் ஆணை பிறந்தது. இவை யாவும் விதிகள். விதிகள் மாறும், வங்கித் தவணை மாறாது.

மலிவின் பெயரால் வரும் தீங்கு

விலை குறைவு என்பதற்காகவே எங்கும் போய்ச் சேர்வதும் கேடு. கலிபோர்னியாவில் டிரை-வேலி என்ற பெயரில் இயங்கிய போலிப் பல்கலைக்கழகம் 2011 ஜனவரியில் மூடப்பட்டபோது அதில் சேர்ந்திருந்தோரில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். அவர்களுள் சிலருடைய கால்களில் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் கருவி பூட்டப்பட்டதை நாடே வேதனையோடு பார்த்தது. 2019-இல் மிச்சிகனில் ஃபார்மிங்டன் என்ற பெயருடைய பல்கலைக்கழகம், விசா முறைகேடுகளைப் பிடிக்க அரசு அதிகாரிகளே அமைத்த பொறி என்பது வெளியாயிற்று. வகுப்பே நடவாத அதில் பெயர் பதிந்த இந்தியர் பலர் கைதாயினர். வகுப்புக்கு வர வேண்டாம், முதல் நாளே வெளியில் வேலை பார்க்கலாம் என்று எவரேனும் சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

தர ஏற்புப் பெற்ற நிறுவனமா என்று நீங்களே பாருங்கள். சேர்க்கைக்கு ஆள் பிடித்துத் தரகு பெறும் முகவர் சொல்லும் பெயர் உங்களுக்கு ஏற்றதாகவும் இருக்கலாம். அவருக்கு ஏற்றதாகவும் இருக்கலாம். அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்திலுள்ள கல்வி ஆலோசனைப் பிரிவு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஆள் பிடிப்பதன்று. அங்கே கேட்டுத் தெளியலாம். இன்னொன்று: விசாவுக்காக ஒரு வாரம் பிறர் பணத்தை வங்கிக் கணக்கில் காட்டி எடுக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. அது பொய்ச்சான்று. கல்வியின் முதற்படியைப் பொய்யால் கட்டலாமா?

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்

7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பெரும்பாலும் ஈடு கேட்கின்றன. வட்டிக்கு அஞ்சி ஒதுங்கும் குடும்பங்களும் நம்மில் உண்டு. அவர்தம் பிள்ளைகள் தகுதி இருந்தும் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். வெளிநாட்டில் பயிலும் சிறுபான்மை மாணவரின் கடன் வட்டிச் சுமையைக் குறைத்து வந்த 'படோ பர்தேஷ்' என்னும் நடுவணரசுத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஜே.என். டாட்டா அறக்கொடை 1892 முதல் வெளிநாட்டுக் கல்விக்குக் கடனுதவி வழங்கி வருகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது செய்வதை, சிறிய அளவிலேனும் நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் செய்ய இயலாதா? திருப்பித் தரும் உறுதியோடு வட்டியில்லா அழகிய கடன், அது அடைபட்டதும் அடுத்த மாணவருக்கு. முழுச் செலவையும் ஏற்க வேண்டுமென்பதில்லை. தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், விசாச் செலவு, பயணச் சீட்டு ஆகியவற்றுக்கு உதவினாலே பலருக்குக் கதவு திறக்கும். முன்னாள் மாணவர்கள் பணமாகத் தர இயலாவிடினும் தாம் படித்த ஊரின் உண்மைச் செலவைப் பின்வருவோருக்கு எழுதித் தரலாம்.

பெற்றோர்க்கும் ஒன்று சொல்வேன். அன்று தமக்கையின் வளையல் தம்பியின் படிப்புக்குப் போயிற்று. இன்று தமக்கையரும் பொறியியல் படித்து முன்வரிசையில் நிற்கின்றனர். மகனுக்காகக் கடன் வாங்கத் துணியும் வீடு, மகளுக்கென்றால் திருமணச் செலவைக் காட்டித் தயங்குவது நேர்மையன்று. கணக்கு இருவருக்கும் ஒன்றே. அதில் தேறினால் வாய்ப்பும் இருவருக்கும் ஒன்றாதல் வேண்டும்.

அன்று வந்த தந்தையாரிடம் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தேன். "இன்று இரவு மகனையும் அவன் தாயாரையும் உட்கார வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று எண்களை எழுதச் சொல்லுங்கள். மொத்தச் செலவு, வாங்க வேண்டிய கடன், மாதத் தவணை" என்றேன். ஒரு வாரம் கழித்து வந்தார். பன்னிரண்டு பெயர்களில் மூன்றே எஞ்சியிருந்தன. அவற்றைத் தேர்ந்தவன் மகன். நானும் அல்லேன், முகவரும் அல்லர். மாணவச் செல்வங்களே, விண்ணப்பம் அனுப்புமுன் உங்கள் வீட்டிலும் அந்த மூன்று எண்களை எழுதிப் பாருங்கள்.