மருந்து சேராத இடத்தில்தான் மரபணு பேசுகிறது

எச்.ஐ.வி. தொற்றுள்ள நூறு தாய்மார்கள் எந்த மருந்தும் எடுக்காமல் பிள்ளை பெற்று, தாய்ப்பாலும் கொடுத்தால், 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று வரும். மற்றவை தப்பிவிடும். தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறையப் பாதி, மருந்து இல்லாமல் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஒருசில மட்டும் மருந்தே இல்லாமல் பள்ளிக்கூடம் போகும் வயதுவரை தாக்குப்பிடிக்கின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

ஒரு பங்கு மரபணுவிலிருந்து வருகிறது. உடலுக்குள் வந்திருப்பது அந்நியன் என்று நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பவை எச்.எல்.ஏ. மரபணுக்கள். தாயின் உடலில் பல ஆண்டுகள் வாழ்ந்த வைரஸ், அவருடைய எச்.எல்.ஏ.வுக்குப் பிடிபடாமல் தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். குழந்தையின் எச்.எல்.ஏ. தாயுடையதோடு எவ்வளவு ஒத்துப்போகிறதோ, அவ்வளவுக்கு அந்த வைரஸுக்கு வழி எளிது. நைரோபியில் நடந்த ஆய்வு ஒன்று 1998இல் இதைக் காட்டியது. தாயைக் காத்துவந்த நல்ல மரபணு பிள்ளைக்கும் வந்து, அங்கே பயனற்றுப்போவது உண்டு.

நம் ஊர் நிலவரம் வேறு. ஐரோப்பியர்கள் சிலரிடம் காணப்படும், வைரஸ் நுழையும் வாசலையே அடைத்துவிடும் சிசிஆர்5 டெல்டா 32 மாற்றம் இந்தியர்களிடம் மிக அரிது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் 2006இல் தென்னிந்தியர்களிடம் எச்.எல்.ஏ.-ஏ11 தொற்றை எதிர்ப்பதோடும், பி40 தொற்றுக்கு ஆளாவதோடும் தொடர்புடையவை என்று எழுதினார்கள். மேல்நாட்டு முடிவுகளை அப்படியே எடுத்து நம் குழந்தைகளுக்குப் பொருத்த முடியாது என்பதற்கு இது போதும்.

ஆனால், இரட்டைக் குழந்தைகளைப் பாருங்கள். தாய் ஒருவர், கருப்பை ஒன்று. ஆனாலும் முதலில் வெளிவரும் குழந்தைக்கே தொற்று அதிகம் என்று 1991இல் கண்டறிந்தார்கள். பிறப்புப் பாதையில் தாயின் ரத்தத்தோடும் திரவங்களோடும் அதிக நேரம் தொடர்பில் இருப்பது அந்தக் குழந்தைதான். தாயின் ரத்தத்தில் எவ்வளவு வைரஸ், குழந்தை மீது எவ்வளவு பட்டது, இவையே பெரிய காரணங்கள். இவ்விரண்டையும் மருந்தால் குறைக்க முடியும். 1994இல் சிடோவுடின் என்ற ஒரே மருந்து, தொற்றை நூற்றுக்கு 25இலிருந்து 8 ஆக இறக்கியது. இன்று தாய், வைரஸை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்தால் 5க்கும் கீழே போகிறது. நம் குழந்தைகளை இந்த அளவுக்குப் பாதுகாக்கும் மரபணு எதையும் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

மருந்தின் இந்தப் பலன் தாம்பரத்துக்குப் புதிய செய்தி அல்ல. 1928இல் காசநோய் சானடோரியமாகத் தொடங்கிய அரசு நெஞ்சக மருத்துவமனை, 2004 ஏப்ரலில் நாட்டில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது முதலில் வழங்கிய மருத்துவமனைகளில் ஒன்று. சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி, தொலைமாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் இங்கே வந்தவர்கள் ஏராளம். தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும், ரத்தத்தில் சிடி4 எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எதுவானாலும், வாழ்நாள் கூட்டு மருந்து என்ற கொள்கை 2014இல்தான் வந்தது. அதற்கு முன்பு பல ஆண்டுகள், பெரும்பாலானோருக்குப் பிரசவ வலி வரும்போது ஒரே ஒரு நெவிராபின் மாத்திரைதான். அந்த ஆண்டுகளில் பிறந்த எத்தனையோ குழந்தைகளின் கதியை மரபணுவும் அதிர்ஷ்டமும் முடிவு செய்தன. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மரபணு ஆராய்ச்சி வேண்டாம் என்பதல்ல என் வாதம். சென்னை ஆய்வாளர்கள் நெவிராபின் உட்கொண்ட குழந்தைகளின் ரத்தத்தை அளந்தபோது, சிஒய்பி2பி6 மரபணுவின் வகையைப் பொறுத்து மருந்தின் அளவு மாறியது. மூன்று வயதுக்குட்பட்டவர்களிடமும் வளர்ச்சி குன்றியவர்களிடமும் அது குறைவாக இருந்தது. குழந்தைக்கு எவ்வளவு மருந்து என்ற கேள்விக்குப் பதில் தரும் இத்தகைய ஆய்வே நமக்குத் தேவை. 2018இல் சீனாவின் ஹெ ஜியான்குய் கருவிலேயே சிசிஆர்5 மரபணுவை வெட்டிப் பிள்ளைகளைப் பிறப்பித்தார், சிறைக்கும் போனார். பாதுகாப்பான வழி இருக்கும்போது அந்தச் சாகசத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

மருந்து இருந்தும் இப்போது ஓட்டை எங்கே? பெருங்களத்தூரிலோ ஊரப்பாக்கத்திலோ வசிக்கும் கர்ப்பிணி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்கிறார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார். கட்டட வேலைக்கு வந்த ஒடிசாப் பெண், குழந்தை பிறந்ததும் சைட் மாறுகிறார். தாயின் எதிர்ப்புப் புரதம் குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கக்கூடும் என்பதால், குழந்தைக்குத் தொற்று உண்டா என்று பார்க்கும் சாதாரணப் பரிசோதனை குழப்பும். ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையின் வட்டங்களில் ரத்தச் சொட்டுகளை ஊறவைத்து, காயவைத்து, வைரஸையே தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அட்டை ஆய்வகம் போய்ச் சேர்கிறது. முடிவு வரும்போது தாய் எங்கே இருக்கிறார்?

கர்ப்பத்தின் தொடக்கத்தில் தொற்று இல்லை என்று வந்த பெண்ணுக்குப் பாலூட்டும் மாதங்களில் கணவரிடமிருந்து தொற்று வருவதும் உண்டு. புதுத் தொற்றில் வைரஸ் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். குழந்தைக்கு அது மிகப் பெரிய ஆபத்து. பழி மட்டும் அவள் தலையில் விழுகிறது. அந்தப் பழியோடு ‘அவள் மரபணுதான் காரணம்’ என்பதையும் சேர்க்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

ஆகவே, கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் ஒருமுறை, குழந்தையின் தடுப்பூசிக்கு வரும்போது ஒருமுறை என மறுபரிசோதனை வேண்டும். முதல் பரிசோதனைக்கே கணவரையும் எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்துக்கு அழைக்க வேண்டும். ஊர் மாறும் தாயின் சிகிச்சை விவரம், 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் உறுதிசெய்யும் ரகசியக் காப்போடு, அவர் போய்ச் சேரும் ஊரின் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.