ஆறு நிமிடங்கள் போக மீதமுள்ள வாழ்வு

கடந்த வருடம் ஒரு திங்கட்கிழமைக் காலைக் கூட்டம். கிராஅத் ஓதி முடிந்த கையோடு, தரம் 7 வரிசையில் நின்ற ஒரு தங்கை திடீரென விழுந்தாள். கைகால்கள் வெட்டி இழுத்தன. வாயில் நுரை வந்தது. சிலர் கத்திக்கொண்டு விலகி ஓடினார்கள். ஒருவர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார். இன்னொருவர் வாயில் வைக்கக் கரண்டி தேடினார். இரண்டு நிமிடங்களில் எல்லாம் அடங்கியது. கண்விழித்துச் சற்று நினைவு வந்ததும் அவள் முதலில் செய்தது, விலகிப் போயிருந்த பர்தாவை இழுத்துச் சரிசெய்ததுதான். அதற்குப் பிறகே சுற்றி நின்ற எங்களைப் பார்த்தாள்.

அவள் சில வருடங்களாகக் கிளினிக் போகிறவள் என்பதும், குளிசைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் வலிப்பு முழுமையாக நிற்கவில்லை என்பதும் பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தன. அடுத்த வாரம் அவள் வந்தபோது, பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளை இடம் மாறியிருந்தாள். இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடைப் பட்டியலில் அவளுடைய பெயர் வெட்டப்பட்டிருந்தது. இவை இரண்டுமே என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தன.

வலிப்பு என்பது மூளையின் நரம்புக் கலங்களில் மின்சைகைகள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றிப் பாய்வதால் ஏற்படுவது. அது தொற்றாது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உரிய சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் வரையானோர் வலிப்பின்றி வாழலாம். ஆனால் எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு அடங்காவிட்டால், அதை மருந்துக்கு இணங்காத வலிப்பு என்று கொள்ள வேண்டுமென வலிப்பு நோய்க்கான சர்வதேச சங்கம் 2010 இல் வரையறுத்தது. ஆகவே குளிசை போட்டும் ஒரு பிள்ளை விழுகிறாள் என்றால், உம்மாவின் கவலையீனம்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இத்தகைய பிள்ளைகளுக்கும் வழிகள் உண்டு. சிலருக்குச் சத்திரசிகிச்சை பலன் தரும். சிலருக்கு, 1921 முதல் வைத்தியர்கள் கையாண்டு வரும் கீற்றோஜெனிக் உணவுமுறை உதவும். சோறு, பாண், சீனி எல்லாவற்றையும் மிகவும் குறைத்து, கொழுப்பைக் கூட்டி, வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்து அளந்து கொடுக்கும் உணவு அது. கேட்க இலகுவாக இருக்கும். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே ஸஹனில் கை வைக்கும்போது, தன் சிறு டப்பாவைத் திறந்து தனியே உண்ணும் ஏழு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வலிப்பு குறைந்தாலும் அந்தத் தனிமையை யார் குறைப்பது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாரத்தில் 10,080 நிமிடங்கள் உள்ளன. ஒரு பிள்ளைக்கு வாரத்தில் மூன்று தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம் வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தம் ஆறு நிமிடங்கள். அதன் பின்னான அசதிக்குச் சில மணித்தியாலங்களைச் சேர்த்துக்கொள்வோம். மீதி நேரம் முழுவதும் அவள் சிரிக்க, படிக்க, சண்டை பிடிக்க, கனவு காணத் தகுதியான சாதாரணப் பிள்ளை. எல்லோருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது என்பதை அறிவேன். ஒரே நாளில் பலமுறை வலிப்பு வந்து, பேச்சும் நடையும்கூடப் பின்தங்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மகிழ்ச்சியான நேரங்கள் உண்டு. அவற்றைக் காக்கும் பொறுப்பு இன்னும் பெரிது. வலிப்பை நிறுத்துவது வைத்தியரின் முயற்சி, அல்லாஹ்வின் நாட்டம். மீதி நேரத்தைப் பறிப்பதும் பறிக்காமல் விடுவதும் எங்கள் கையில் உள்ளது.

இதை எங்களுக்குக் கற்றுத்தரும் ஒரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தனக்கு வலிப்பு வருவதையும் அப்போது ஆடை விலகிவிடுவதையும் கூறி, துஆச் செய்யுமாறு கேட்டார். பொறுமையாக இருந்தால் சுவர்க்கம் உண்டு; விரும்பினால் சுகத்துக்காகப் பிரார்த்திக்கிறேன் என்று நபியவர்கள் இரு வழிகளைக் கூறினார்கள். அவர் பொறுமையைத் தெரிவு செய்தார். ஆனால் தன் ஆடை விலகாதிருக்க மட்டும் பிரார்த்திக்குமாறு வேண்டினார். நபியவர்களும் அவ்வாறே பிரார்த்தித்தார்கள்.

நோய் தீராவிட்டாலும் மானம் காக்கப்பட வேண்டும் என்பதே அந்தப் பெண்மணியின் வேண்டுகோள். காலைக் கூட்டத்தில் எங்கள் தங்கை பர்தாவை இழுத்துச் சரிசெய்ததும் அதே வேண்டுகோள்தான். பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் தம் மாணவருக்கு அந்தப் பெண்மணியைக் காட்டி, சுவர்க்கவாசிப் பெண் என்று அறிமுகப்படுத்தினார்கள். நாங்கள் எங்கள் வகுப்புப் பிள்ளையை என்ன சொல்லிக் காட்டுகிறோம்? வலிப்புக்காரி என்றல்லவா?

பல வீடுகளில் நோயை மறைக்கிறார்கள். பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் பேச வேண்டும் என்ற பயம். அதனால் பாடசாலைக்கும் சொல்வதில்லை. பிள்ளை விழும்போது என்ன செய்வதென்று அங்கே ஒருவருக்கும் தெரிவதில்லை. பெற்றாரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் பார்க்கும் பார்வைக்குப் பயந்துதானே அவர்கள் மறைக்கிறார்கள்? இரவில் பிள்ளையின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அரைத் தூக்கத்தில் கிடக்கும் உம்மாமாருக்கு, ஊரின் பேச்சு இன்னொரு சுமை.

வேறு சிலர் ஜின் என்று சொல்லி, குளிசையை நிறுத்திவிட்டு ஓதிப் பார்க்கக் கொண்டு ஓடுகிறார்கள். துஆக் கேட்போம், ஓதுவோம். மருத்துவம் செய்யுமாறு ஏவியதும் நபியவர்கள்தான். குளிசையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னரைவிடக் கடுமையாகத் திரும்பலாம். நோன்பு காலத்திலும் குளிசை நேரம் மாறுவதும் தூக்கம் குறைவதும் ஆபத்தே. நோயாளிகளுக்கு அல்குர்ஆனே சலுகை தந்திருக்க, வைத்தியரைக் கேட்காமல் பிள்ளையை நோன்பு பிடிக்க வைப்பது ஏன்?

ஆசிரியைகளிடமும் ஒரு வேண்டுகோள். இந்தக் குளிசைகளில் சில தூக்கத்தைத் தரும், சில நினைவை மந்தமாக்கும், சில எடையைக் கூட்டும், சில முரசை வீங்கச் செய்யும். மேசையில் தலைவைத்துப் படுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

பாதுகாப்பு வேண்டாமா என்று பெற்றார் கேட்கலாம். நிச்சயம் வேண்டும். கிணற்றடி, குளம், கடல், எரியும் அடுப்பு ஆகியவற்றின் அருகே அவளைத் தனியே விடக்கூடாது. ஆனால் அணிநடையில் கால்மாற்றி நடப்பதிலும், மேடையில் கவிதை வாசிப்பதிலும், தோழியின் வீட்டுக்குப் போவதிலும் அப்படி என்ன ஆபத்து? பக்கத்தில் விபரம் தெரிந்த ஒருவர் இருந்தால் போதுமே.

அந்த ஒருவராக நாங்கள் ஒவ்வொருவரும் ஆகலாம். வலிப்பு வந்தால் நேரத்தைப் பாருங்கள். தலைக்குக் கீழே மெதுவான ஏதாவது வையுங்கள். கூர்மையான பொருட்களை அகற்றுங்கள். கழுத்தை இறுக்கும் ஊசியைக் கழற்றி, ஆடையைச் சரிசெய்து, கூட்டத்தை விலக்குங்கள். இழுப்பு அடங்கியதும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். சாவி வேண்டாம், வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ, 1990 இற்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். அவள் கண்விழிக்கும் வரை பக்கத்திலேயே இருங்கள்.

அந்தத் தங்கை இப்போது தரம் 8 இல் படிக்கிறாள். இன்னும் இடைக்கிடை விழுகிறாள். இவ்வருட இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பட்டியல் விரைவில் தயாராகும். அதில் அவள் பெயர் இருக்க வேண்டும் என்பதும், அவளுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருக்கக் கூடாது என்பதும் என் கோரிக்கைகள். இரண்டுக்கும் வைத்தியரின் துண்டு தேவையில்லை.