பணி மாறும் நாள்

சித்தூரில் ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். துயரத்தை அழிப்பவள் என்பது பொருள். புதுவேலை ஏற்று ஊரை விட்டுச் செல்வோர் சிலர் அதன் கரையில் கண்கலங்கி நிற்கக் கண்டிருக்கிறேன். விரும்பிப் பெற்ற வேலைக்குச் செல்பவர் ஏன் வருந்த வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வருந்துவதே இயல்பு. சிறிதும் கலங்காதவர் பழைய பணியில் மனம் வைக்கவில்லை என்றே நான் எண்ணுவேன்.

1880ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தை விட்டுக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அங்கு ஓய்வுபெற்ற தியாகராச செட்டியாரே தம் இடத்திற்கு அவரைப் பரிந்துரைத்தார். வேலை பெரியது, சம்பளமும் உண்டு. ஆயினும் மடமோ அவர் பாடம் கேட்ட இடம், பிறருக்குப் பாடம் சொன்ன இடம். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் அன்பு வேறு. அவரைப் பிரிய எளிதில் மனம் வருமா? தேசிகருக்கும் விடைகொடுப்பது எளிதாக இல்லை.

கும்பகோணத்தில்தான் சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் சந்தித்தார். அச்சந்திப்பால் சீவக சிந்தாமணி ஆராய்ச்சி தொடங்கியது. 1887இல் அந்நூல் அச்சேறியது. இடையில் மடத்தை அவர் மறந்துவிடவில்லை. திருவாவடுதுறை தொலைவில் இல்லை. விடுமுறை நாள்களில் அங்குச் சென்று வந்தார்.