மலிவுக்கு முன் மூன்று கேள்விகள்

வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, “எவ்வளவு?” அடுத்தது, “தெரிந்தவர்கள் யாராவது அவர்களோடு போயிருக்கிறார்களா?” இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால், கட்டும் பணம் பத்திரமாக இருக்குமா என்பதற்கு இரண்டிலும் பதில் இல்லை.

2014 ஜனவரியில், சீனப் புத்தாண்டு நெருங்கிய வேளையில், ஃபைவ் ஸ்டார்ஸ் டூர்ஸ் நிறுவனம் திடீரென மூடப்பட்டது. மலேசியப் பேருந்துப் பயணங்களால் பலருக்கும் பழக்கமான பெயர் அது. உரிமம் பெற்ற நிறுவனமும்கூட. முன்பணம் கட்டியவர்கள் பயனீட்டாளர் சங்கத்தை நாடவேண்டியதாயிற்று. பழகிய பெயரும் உரிமமும் மட்டும் போதாது என்பதையே அது காட்டியது.

நம்மில் பலர் உரிமத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பொங்கோலில் என் அம்மாவும் தோழிகளும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் காசி யாத்திரை விளம்பரம் ஒன்று வந்தது. ஒரு கைப்பேசி எண், ஒரு தொகை, அவ்வளவுதான். உரிம எண்ணைக் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னேன். “கோயிலுக்குத்தானே போறோம், அதெல்லாம் எதுக்கு?” என்று பதில் வந்தது. அம்மா பணம் அனுப்பவில்லை. தோழிகள் இருவர் ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள்.

கேட்கவேண்டியவை மூன்று. முதலாவது, நிறுவனத்திடம் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா? இணையத்தில் சில நிமிடங்களில் சரிபார்த்துவிடலாம். இரண்டாவது, நிறுவனம் நொடித்துப்போனால் இழப்பீடு தரும் காப்புறுதி உண்டா? எல்லாப் பயணக் காப்புறுதியிலும் இது அடங்காது, கேட்டுத்தான் வாங்கவேண்டும். மூன்றாவது, கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும், போதிய ஆள் சேராவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்பது எழுத்தில் இருக்கிறதா? சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும். ஆனால், வாய்வார்த்தையை மட்டும் நம்பியவர் அங்கே எதைக் காட்டுவார்?

இவற்றைக் கேட்பது தெரிந்தவர்மீது சந்தேகப்படுவது ஆகாது. நேர்மையாகத் தொழில் நடத்துபவருக்குப் பதில் சொல்லத் தயக்கம் இருக்காது.

நண்பர்களோடு பாலிக்குப் போக நாம் பத்து இணையத்தளங்களை அலசுகிறோம். பல ஆண்டுச் சேமிப்பில் பெற்றோர் போகும் யாத்திரைக்கும் அந்த அக்கறையைக் காட்டுவோம். அவர்கள் பணம் அனுப்பும் முன், இளையர்களே, அந்த விளம்பரத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.