"வெறும் பற்றைதானே ரீச்சர்?"



காட்டோரப் பற்றைக்கு நெருப்பு வைக்கிறதைப் பற்றிப் போன கிழமை நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு ஒரு அண்ணா போட்ட பதில்: "வெறும் பற்றைதானே ரீச்சர்? மனிசருக்கே வழியில்லை, நீங்கள் குருவிக்கு வக்காலத்து வாங்குறியள்." நிறையப் பேர் அதற்கு லைக் போட்டிருந்தீர்கள். அதனால் இந்த முறை நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எந்தக் குருவி என்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் 'பிரவுண் கப்ட் பப்ளர்' என்பார்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மண்ணிறத் தொப்பிப் புலுனி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முற்றத்தில் கூட்டமாகக் கத்தித் திரிகிற புலுனிக்குத் தூரத்துச் சொந்தம். வாலோடு சேர்த்து 16 சென்ரிமீற்றர்தான். தலை கடும் மண்ணிறம், நெஞ்சும் வயிறும் கறுவாப்பட்டை நிறம். சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். சிறகு குட்டை, தூரம் பறக்காது. லேசில் கண்ணில் படாது. பற்றைக்குள்ளிருந்து வரும் சீழ்க்கையை வைத்துத்தான் இருக்கிறதென்று தெரியும். இந்தியாவில்கூட இது இல்லை. உலகத்திலேயே இலங்கையில் மட்டும்தான்.

ஏழாம் தரத்தில், "எங்கட நாட்டில் மட்டும் உள்ள பறவை ஒன்று சொல்லுங்கோ" என்று கேட்டேன். மயில் என்றார்கள், கிளி என்றார்கள். ஒரு பிள்ளை மட்டும் காட்டுக்கோழி என்று சரியாகச் சொன்னது. பிள்ளைகளில் பிழையில்லை. கல்வியியல் கல்லூரிக்குப் போகும்வரை எனக்கும் தெரியாது. இலங்கைக்கே உரிய பறவைகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் அதிகமானவை சிங்கராஜா பக்கத்து ஈரவலயக் காடுகளில்தான். உலர்வலயக் காட்டிலும் வாழ்கிற சிலவற்றில் இந்தப் புலுனியும் ஒன்று.

இப்போது பற்றைக்கு வருகிறேன். "பெரிய மரம் ஒன்றையும் தறிக்கேல்லையே" என்கிறீர்கள். இந்தக் குருவிக்குக் காடு என்பது எங்கள் இடுப்பு உயரத்துக்குக் கீழேதான். சாப்பாடு சருகுக்குள். கூடு நிலத்தில், அல்லது நிலத்தோடு ஒட்டி. பாலையும் வீரையும் அப்படியே நிற்க, கீழே நெருப்பு ஓடினால் அதன் வீடும் அடுப்படியும் தொட்டிலும் ஒன்றாக எரிகின்றன. மேலே நிற்கிற மரத்தைக் காட்டி "காடு இருக்குதுதானே" என்று சொல்வது, கூரையைக் காட்டி வீடு இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

"அது அழியப்போகிற பட்டியலில் இல்லை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் முழு இலங்கையையும் பார்த்துப் போட்டது, எங்கள் காட்டைப் பார்த்துப் போட்டதல்ல. ஹவாயில் காவாய் என்றொரு தீவு. அந்தத் தீவில் மட்டும் வாழ்ந்த 'ஓஓ' என்ற பாட்டுக் குருவியும் ஒரு காலத்தில் தாராளமாக இருந்ததுதான். கடைசி ஆண் குருவி, வர இல்லாத துணையைக் கூப்பிட்டுப் பாடிய குரல் ஒலிப்பதிவில் இருக்கிறது. 1987க்குப் பிறகு அந்தக் குரலை யாரும் கேட்கவில்லை. தீவில் அழிந்தால் பக்கத்து ஊரிலிருந்து கொண்டுவர முடியாது.

மனிசரை விட்டுவிட்டா பேசுகிறேன்? கனகராயன் ஆற்றுப்பக்கம் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சருகும் பற்றையும்தான். அதை எரித்தால் மழைக்கு மண் கரைந்து இரணைமடுவுக்குள் போகும். குளத்தில் மண் நிரம்பினால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறையும். பிறகு யாரைக் குறை சொல்வது?

நானும் இடம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது என் வீட்டார் புத்தளம் போனார்கள். நான் அங்கேதான் பிறந்தேன். 2009 தொடக்கத்தில் வட்டக்கச்சி சனம் பட்டதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு ஒதுங்க ஒரு கூடாரமாவது கிடைத்தது, திரும்பிவர ஊரும் இருந்தது. இந்தக் குருவிக்குப் போக வேறு நாடே இல்லை. வீடு எரிவது என்றால் என்னவென்று தெரிந்த நாங்களே நெருப்புப் பெட்டியோடு போகலாமா?

குஞ்சுகளை எடுத்துக்கொண்டு வந்தவர்களிடம், தாய்க்குருவியைத் தவிக்க விட்டது யார், திருப்பிக் கொண்டுபோய் வையுங்கள் என்று எங்கள் நபி (ஸல்) சொன்னதாகச் சிறுவயதில் படித்தேன். எந்தக் கோயிலிலும் தேவாலயத்திலும் இதற்கு மாறாகச் சொல்லித் தரமாட்டார்கள்.

பாம்புக்குப் பயந்து வீட்டுவளவையும் பள்ளிக்கூட வளவையும் துப்புரவாக்குங்கள், நானும் மண்வெட்டியோடு வருகிறேன். காட்டோரத்துக்கும் ஆற்றோரத்துக்கும் நெருப்பு வைக்காதீர்கள். பிள்ளையின் கையிலிருக்கும் கெற்றப்போலை வாங்கி வையுங்கள். ஒரு நாள் விடியக் காலமை காட்டோரம் போய்ப் பத்து நிமிடம் சத்தம் போடாமல் நில்லுங்கள். அந்தச் சீழ்க்கை கேட்டால் வந்து சொல்லுங்கள், வெறும் பற்றைதானா என்று.