பெயர் கேளாத ஊர்



2020-ஆம் ஆண்டு பங்குனிப் பௌர்ணமியை நம் ஊர்க்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் நிலவு காய்ந்துகொண்டிருந்தது. நடப்பதற்குத்தான் ஆள் இல்லை. மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியிருந்தது. அண்ணாமலையார் கோயிலில் நித்திய பூஜைகள் குறைவின்றி நடந்தன. பக்தர்களுக்கு மட்டும் அனுமதி இல்லை. ரமணாசிரமத்தின் வாயிலும் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. கிரிவலத் தடை மாதந்தோறும் நீட்டிக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடிக்கும் என்று அன்று யார் நினைத்தோம்?

கொள்ளைநோய் இவ்வூருக்குப் புதிதன்று. 1905-இல் இங்கே பிளேக் பரவி மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது, பகவான் ரமணர் பச்சையம்மன் கோயிலுக்குச் சென்று சுமார் ஆறு மாத காலம் தங்கியிருந்தார் என்பதை அன்பர்கள் படித்திருப்பீர்கள்.

என்னைப் போன்றோருக்கு ஊரடங்கு பெரிய துன்பம் தரவில்லை என்பதே உண்மை. ஓய்வூதியம் மாதக் கடைசியில் கணக்கில் வந்துவிடும். வீட்டில் அரிசி இருந்தது. ஆனால் ஆசிரமத்தை அடுத்த செங்கம் சாலை ஓரத்திலும், எமலிங்கத்திற்கு அப்பாலும் மரத்தடியே வீடாக வாழும் சாதுக்களின் உணவு யாத்ரிகர்களின் கையிலிருந்தல்லவா வந்தது? யாத்ரிகர்கள் வருகை நின்றது. சாலையோர அன்னதானமும் நின்றது.

அரசு வாளாவிருந்தது என்று சொல்வதற்கில்லை. அந்த ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டை ஒன்றுக்கு ரூ.1,000 ரொக்கமும், விலையின்றி அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் தந்தார்கள். குடும்ப அட்டை என்ற பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. குடும்பத்தைத் துறந்து வந்தவருக்கு அந்த அட்டை எங்கிருந்து வரும்?

எங்கள் தெருவில் ஐந்தாறு வீட்டார் சேர்ந்து சமைக்கத் தொடங்கினோம். ஒரு நாள் சாம்பார் சாதம், மறுநாள் தயிர் சாதம், தொட்டுக்கொள்ள ஊறுகாய். பெண்கள் பொட்டலம் கட்டினார்கள். கணக்கு எழுதும் பொறுப்பு, வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்பதால், என்னிடம் வந்தது. நானும் அதற்கேற்பக் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பெயர், ஊர், ஆதார் எண். ஒருவரே இருமுறை வாங்கிவிட்டால் மற்றொருவருக்குக் கிடைக்காதே என்பது என் கவலை.

வரிசையில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ ஒரு முதியவர் நின்றார். வயது எழுபத்தைந்து இருக்கலாம். பெயர் கேட்டேன். நோட்டைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார்.

"பேரை ஊர்லயே விட்டுட்டு வந்தேன் சாமி" என்றார். கோபம் சிறிதும் இல்லை. திருவோட்டை மேல்துண்டால் மூடிக்கொண்டு வரிசையிலிருந்து விலகி நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, "சோறு போடறதுக்கு எதுக்குங்க ஆதாரு?" என்று மட்டும் கேட்டாள். அன்றிரவு எனக்கு உணவு இறங்கவில்லை. மறுநாள் நோட்டை எடுத்துச் செல்லவில்லை, அவரும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் எமலிங்கத்தின் அருகே ஒரு திண்ணையில் சுருண்டு படுத்திருந்தவரைக் கண்டுபிடித்தேன். பொட்டலத்தை நீட்டினேன். எழுந்து உட்கார்ந்து, பிரித்து, ஒரு கவளத்தைக் காக்கைக்கு வைத்துவிட்டு உண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தபோது, உப்பு சற்றுக் கூடிவிட்டதாக அம்மாவிடம் சொல்லுமாறு கூறினார்.

1896 செப்டம்பர் 1 அன்று இவ்வூருக்கு வந்த பதினாறு வயதுச் சிறுவனின் பெயரும் ஊருக்குத் தெரியாது. பிராமண சுவாமி என்று தாமே ஒரு பெயரிட்டு உணவளித்தார்கள். பின்னர் அவர் குருமூர்த்தத்தில் தங்கியிருந்த காலத்தில், தாலுகா அலுவலகத்தில் கணக்கராக இருந்த வெங்கடராம ஐயர், பெயரும் ஊரும் தெரியாமல் நகர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த பிறகே, 'வெங்கடராமன், திருச்சுழி' என்று எழுதிக் காட்டினார். பெயரைக் கேட்டு நின்றவரும் என்னைப் போல ஒரு கணக்கர்தான் என்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்த ஐயர் அன்பினால் கேட்டார்.

மறு ஆண்டு இரண்டாம் அலை வந்தது. அறநிலையத் துறைக் கோயில்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு உணவுப் பொட்டலங்கள் சென்றன. மாதச் சம்பளமில்லாத அர்ச்சகர்களுக்கும் பூசாரிகளுக்கும் ஜூன் மாதத்தில் ரூ.4,000, பத்துக் கிலோ அரிசி, 15 வகை மளிகைப் பொருட்கள் வழங்கப்பட்டன. தடுப்பூசி வந்தபோதுதான் பழைய கேள்வி மீண்டும் தலைதூக்கியது: அடையாள அட்டை எங்கே?

இதற்கு ஒரு வழி பிறந்தது. அட்டை இல்லாதோருக்கும் தடுப்பூசி போடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 மே மாதத்தில் நெறிமுறை வெளியிட்டது. அதில் சாதுக்களும் சாலையோரம் இரந்து வாழ்வோரும் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டிருந்தனர். அட்டையும் கைபேசியும் உடைய ஒருவர் அவர்களுக்காக முன்னிற்க வேண்டும், அது போதும். படித்தபோது எனக்குப் பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. இந்த ஆதார், பான் எல்லாம் வருவதற்கு முன், கணக்குத் தொடங்க வருபவரை ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் அறிமுகம் செய்து கையெழுத்திடுவார். 'இவரை எனக்குத் தெரியும்' என்ற அந்த ஒரு வரியை நம்பித்தான் வங்கியே நடந்தது.

எங்கள் பகுதிச் சாதுக்கள் சிலருக்கு நான் முன்னின்றேன். முதியவர் ஊசிக்கு எளிதில் இசையவில்லை. "போற உசுருக்கு எதுக்கு சாமி வேலி?" என்றார். உங்களிடமிருந்து எங்களுக்குத் தொற்றாமல் இருக்கவாவது போட்டுக்கொள்ளுங்கள் என்றதும் எழுந்துவிட்டார். ஆயினும் பதிவுக்குப் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டுமே? செவிலியப் பெண் தயங்கினாள்.

"அருணாசலம்னு போடும்மா. வருஷத்த இந்தச் சாமி சொல்லுவாரு" என்று என்னைக் காட்டினார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அன்று காலையிலிருந்து அவர் மூன்றாவது அருணாசலமாம். நான் 1945 என்றேன்.

மூன்று மாதங்கள் கழித்து இரண்டாம் தவணைக்கான குறுஞ்செய்தி என் கைபேசிக்கு வந்தது. அழைத்துச் சென்று போட்டு வந்தேன். சான்றிதழை அச்செடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அத நீங்களே வச்சுக்குங்க சாமி" என்றவர், மணியைக் கேட்டார். ஒன்றரை என்றேன்.

"அம்மா காத்திருப்பாங்க. போய்ச் சாப்பிடுங்க."

அந்தத் தாள் என் ஓய்வூதியப் புத்தகத்தோடு இருக்கிறது. அவர் இன்றுவரை கேட்கவில்லை.