வெள்ளியை வென்ற கிருமி

அப்பாவுக்கு இனிப்புநீர். போன மாதம் காலில் ஒரு சின்னப் புண். கிளினிக்கில் கட்டுப் போட்ட தாதி, "இதுல வெள்ளி இருக்கு அங்கிள், கிருமி சீக்கிரம் வளராது" என்றார்.

வீடு திரும்பினால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார். வெள்ளித் தண்ணீராம். தினமும் ஒரு மூடி குடித்தால் எல்லா நோயும் போய்விடுமாம். உங்கள் வீட்டுக் குழுவிலும் வந்திருக்கலாம்.

"புண்ணுக்கு நல்லதுன்னா, குடிச்சாலும் நல்லதுதானேம்மா?" என்றார் அப்பா.

வானொலியில் பதில் தெரியாவிட்டால் பாட்டுப் போட்டுத் தப்பித்துவிடலாம். அப்பாவிடம் முடியாது. உட்கார்ந்து படித்தேன்.

வெள்ளியிலிருந்து கசியும் அயனிகள் கிருமியின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குகின்றன. வெள்ளியை நானோ துகளாக்கினால், அதே எடைக்குப் பரப்பு பல மடங்கு கூடும். வேலையும் வேகமாக நடக்கும். ஒரு தலைமுடியின் தடிமனில் இத்தகைய துகள்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் துகளைக் கிருமியே செய்து தரும். சூடோமோனாஸ் ஸ்டட்செரி என்ற பாக்டீரியா வெள்ளிச் சுரங்கத்தில் கிடைத்தது. கரைந்த வெள்ளியை அது தன் செல்லுக்குள் படிகமாக்கி வைப்பதை 1999-இல் ஆய்வாளர்கள் காட்டினர். 2002-இல் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள், மோரில் இருக்கும் லாக்டோபேசிலஸை வைத்தே வெள்ளி, தங்கத் துகள்களை உருவாக்கினர்.

மோர் என்றதும் அப்பா நிமிர்ந்தார். "அப்போ நம்ம மோர்லயே வெள்ளி இருக்கா?"

"இல்லப்பா. வெள்ளி உப்பை நாமதான் கலக்கணும்."

ஆனால் என்னை யோசிக்க வைத்தது அந்தச் சுரங்கக் கிருமிதான். மற்றக் கிருமிகளைக் கொல்லும் வெள்ளிக்கு நடுவே அது வாழப் பழகியிருக்கிறது. மருத்துவமனையிலும் இது நடந்திருக்கிறது. 1970-களில் பாஸ்டனில், தீக்காயப் பிரிவு ஒன்றில் வெள்ளி மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா பரவி உயிர்களைப் பறித்தது. ஆன்டிபயாட்டிக் போலத்தான் வெள்ளியும். கண்டபடி பயன்படுத்தினால் கிருமி பழகிக்கொள்ளும்.

குடிப்பது இன்னும் மோசம். நம் உடலுக்கு வெள்ளி தேவையே இல்லை. தொடர்ந்து குடித்தால் அது தோலில் படிந்து, உடம்பு நீலச் சாம்பல் நிறமாகலாம்; அந்த நிறம் பிறகு மாறாது. கடையில் விற்கும் வெள்ளிக் கரைசல் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என அமெரிக்காவின் எஃப்டிஏ 1999-இலேயே அறிவித்துவிட்டது.

எல்லாவற்றையும் கேட்ட அப்பா கைப்பேசியை வாங்கி, குழுவில் தானே குரல் பதிவு போட்டார்: "தங்கச்சி, வெள்ளி என் காலுக்கு மட்டும் போதும். வரும்போது மோர் கொண்டு வா."